முகத்தில் அடிக்காத நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

அந்த ஒரு கட்டத்தில் மட்டும் நீல மை.

மாப்பிள்ளை அனுப்பிய பொறுப்பேற்புப் படிவம் பத்துப் பக்கம். எல்லாப் பக்கத்திலும் கறுப்பு மையில், பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறார். நான்காம் பக்கத்தில் குடும்ப ஆட்களைக் கணக்குச் சொல்கிற இடம் வரும். அதில் 'இதற்கு முன் நீங்கள் பொறுப்பேற்று இன்னும் பொறுப்பில் உள்ளவர்கள்' என்ற கட்டத்தில் நீல மையில் 1. வேறு யாருடைய கையோ. மெலிசான 1.

இந்தப் படிவம் கடையில் எனக்குப் பழக்கம். வெளிநாட்டில் இருக்கிறவர் மனைவியை அழைத்துக்கொள்ள வேண்டும் என்றால், 'இவளை வைத்துக் காப்பாற்ற எனக்கு வருமானம் இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டு, வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வேலை பார்க்கிற இடத்துக் கடிதம் எல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒரு தாள் முன்பின்னாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் எங்கள் ஜெராக்ஸ் கடையில் கோப்பு அடுக்கியும் தருகிறோம். பேசுவது கடைக்காரம்மா. அடுக்குவது நான். எனக்கு அதுதான் சௌகரியம்.

இந்த முறை அடுக்குவது அக்காவின் கோப்பு. எட்டு மாதம் முன்பு பதிவுத் திருமணம். மாப்பிள்ளை பத்தொன்பது நாள் இருந்துவிட்டுப் போனார். ஏப்ரல் 11 விசா நேர்காணல்.

யார் அந்த 1?

மார்ச் 5, புதன்

அக்காவிடம் கேட்டேன். "அவரோட அம்மாவா இருக்கும்டி" என்றாள். அவருடைய அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது என்று எனக்குச் சொன்னதே அக்காதான்.

மார்ச் 10, திங்கள்

சனிக்கிழமை நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. இந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பாழான நகல்களின் பின்பக்கத்தில் எழுதி, கடையில் பெரிய தாள் கட்டுகளுக்குப் பின்னால் செருகி வைத்துவிடுவேன்.

சனிக்கிழமை மாப்பிள்ளை பேசுகிற நாள். அண்ணன் போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைப்பான். அக்கா நலம் விசாரித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "அந்தப் படிவத்துல ஒரு கட்டத்துல ஒண்ணுன்னு போட்டிருக்கே, அது யாருங்க? நம்ம குட்டிதான் பார்த்தா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று அம்மா நினைத்துப் போனைத் தட்டினாள். பிறகு சிரிப்பு. "வக்கீல் ஆபீஸ்ல யாரோ கைமறதியாப் போட்டிருப்பாங்கம்மா. அதைத் தொட வேணாம், அப்படியே இருக்கட்டும்." அப்புறம் அண்ணனிடம், "உங்க வீட்டு ஊமைக்கு வாய்க்குப் பதிலா கண்ணைக் குடுத்துட்டான் போல ஆண்டவன். என்ன மச்சான்?"

அண்ணனும் சிரித்தான். "அதெல்லாம் சரி பண்ணிடலாம் மாப்ள" என்றான். போனை வைத்தான். எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் டியூப் வாரை எடுத்தான்.

எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் டயர் கடை. அப்பா நடத்தியது, இப்போது அண்ணனுடையது. லாரி டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி வைத்திருக்கிறான். ரப்பர் தோலைக் கிழிக்காது. உள்ளே இறங்கும். முதல் அடி விழும்போது வலி தெரியாது, நான்கு எண்ணுவதற்குள் வந்துவிடும். இரண்டாவது அடி அதற்குள் விழுந்துவிடும்.

"ஒம்பதாவது படிச்ச கழுதை. மாப்பிள்ளைகிட்டக் கணக்கு கேப்பியா? கேப்பியா? வாயத் தொறந்து சொல்லு!"

நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவனுக்கு எப்போதும் கோபம். வாரைக் கீழே போட்டுவிட்டுக் கையால் காதோடு சேர்த்து அறைந்தான். சுவரில் மோதி உட்கார்ந்தேன். அம்மா எழுந்து வந்தாள். எனக்காக வருகிறாள் என்று நினைத்தேன். தெருக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மார்ச் 11, செவ்வாய்

இடது காதில் காற்று அடிக்கிற மெஷின் ஓடுகிறது. நிற்கவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 13, வியாழன்

கடைக்காரம்மா என்னை மூன்று நாளாக வலது பக்கம் வந்து கூப்பிடுகிறார். இன்று, "இந்தத் தடவை எந்தப் படிக்கட்டு?" என்றார். நான் சிரித்தேன். "உங்க வீட்டுப் படிக்கட்டுக்குத்தான் கையும் காலும் நல்லா வளர்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார்.

மாப்பிள்ளையின் ஆறு மாதச் சம்பளச் சீட்டு மின்னஞ்சலில் வந்தது. அச்சு எடுத்தேன். வரி, காப்பீடு, ஓய்வூதியம் என்று பிடித்தம் வரிசையாக இருக்கும், எல்லாருக்கும் இருப்பதுதான். இவருக்கு நான்காவதாக ஒரு பிடித்தம். நீதிமன்ற உத்தரவு. பக்கத்தில் ஒரு வழக்கு எண். ஆறு சீட்டிலும்.

கடைக்காரம்மாவிடம் படிவத்தையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"உங்க மாப்பிள்ளைக்கு இது ரெண்டாங் கல்யாணம்."

"இல்லம்மா."

"ஆமா. முதல்ல ஒருத்திய இதே மாதிரிக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிருக்காரு. விவாகரத்தே ஆனாலும் அந்தக் கையெழுத்து அவரை விடாது. அதான் வக்கீல் பிடிச்சு அந்த ஒண்ணைப் போட்டிருக்கான்." கண்ணாடியைக் கழற்றினார். "விவாகரத்துப் பத்திரம் இல்லாம நேர்காணலே நடக்காது. மனைவிக்கு இது தெரியுமான்னுதான் உள்ளே முதல்ல கேப்பாங்க. அந்தப் பத்திரம் இந்நேரம் யார் கையிலயாவது இருக்கணுமே."

மார்ச் 14, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் கடைக் கணினியில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அந்த ஊர் நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தேன், புரியாத வார்த்தைகளைப் போனில் போட்டு அர்த்தம் பார்த்தேன்.

கணவர் மனைவியைத் தாக்கியது. இடது தாடை இரண்டு இடத்தில் முறிவு. நான்கு மாதம் சிறை. மருத்துவச் செலவு சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்படும்.

அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. இங்கே எழுத மாட்டேன். அவள் பாட்டுக்கு எங்கேயோ இருக்கட்டும்.

என் தாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்தில் என்றால் எங்கே எங்கே?

மார்ச் 17, திங்கள்

நேற்று மாடியில் துணி காயப்போடும்போது அக்காவிடம் சொன்னேன். ஈரப் போர்வையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். முகம் பார்க்காமல் பேசுவது எனக்கு எளிது. தாடை வரைக்கும் சொல்லிவிட்டேன்.

போர்வையை விலக்கிக்கொண்டு வந்து என்னை அறைந்தாள். அக்கா. அக்கா என்னை அடித்ததே இல்லை.

நல்ல காதில்தான் அறைந்தாள். அதனால் அடுத்து அவள் சொன்னது பாதிதான் கேட்டது. மறுபடி சொல்லச் சொன்னேன்.

"தெரிஞ்சு என்னடி பண்ணச் சொல்ற? போகாம இங்க இருக்கச் சொல்றியா?" ரவிக்கையின் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டினாள். எனக்குக் காட்ட வேண்டியதில்லை. அந்த அடிகள் விழும்போது நானும் அதே அறையில்தான் இருந்தேன். "அங்க அவன் அடிச்சான், போலீஸ் வந்துச்சு. நாலு மாசம் உள்ள போட்டாங்க. இங்க எவன் வந்தான்? சொல்லு. அப்பா போன நாள்லருந்து இத்தனை வருஷத்துல எவன் வந்தான்? கதவைச் சாத்தத்தான் ஒரு ஆள் இருக்கு."

அவள் துணிக்குக் கிளிப் மாட்டினாள். ஒரு கிளிப் உடைந்தது. அதை வீசி எறிந்துவிட்டு அழுதாள்.

அடிக்கிற ஆளை மாற்றிக்கொள்வதுதான் கல்யாணமா?

மார்ச் 26, புதன்

அண்ணன் கடைக்கு வந்தான். என் கடைக்கு. வந்ததே இல்லை. ஏற்கெனவே பிரித்த உறை ஒன்றை மேசையில் வைத்தான்.

"இதுல ரெண்டு காப்பி போடு. படிக்காமப் போடணும்."

படிக்காமல் எப்படிப் போடுவது? கண்ணாடியில் கவிழ்த்துத்தானே வைக்கிறாள், எழுத்து அந்தப் பக்கம் போய்விடும் என்று நினைத்தானோ என்னவோ. தலையை ஆட்டினேன். அவன் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான்.

விவாகரத்துப் பத்திரம். நான்கு பக்கம். நகல் எடுத்தேன், நான்கு பக்கத்தையும் மெஷினில் வைத்து எடுக்கும்போதே படித்தேன். ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது பத்திரத்தை இல்லை. உறை. உறையின் மேல் மாப்பிள்ளை ஊர்த் தபால் முத்திரை. அக்காவின் திருமணத்துக்குப் பதினாறு நாள் முந்தைய தேதி.

பதினாறு நாள் முன்பே அண்ணனுக்குத் தெரியும்.

திருமணத்துக்கு முந்தின வாரம்தான் கடைக்குப் புது லாரி டயர் மெஷின் வந்து இறங்கியது. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது என்று தெருவெல்லாம் சொன்னான். எங்கள் மாப்பிள்ளை எவ்வளவு தங்கம் பார் என்று அம்மா மெஷினைத் தடவித் தடவிக் கும்பிட்டாள்.

உறையைத் திருப்பிக் கொடுத்தேன். "படிச்சியா?" என்றான். இல்லை என்று தலையாட்டினேன். "படிச்சாலும் உனக்கு என்ன புரியப் போவுது" என்று என் தலையில் தட்டிவிட்டுப் போனான். செல்லமாகத்தான் தட்டினான்.

மூன்றாவதாக ஒரு நகல் எடுத்திருந்தேன். உறைக்கும் சேர்த்து.

மார்ச் 27, வியாழன்

நேற்று ராத்திரி அக்காவிடம் உறையின் நகலைக் கொடுத்தேன். முத்திரையை ரொம்ப நேரம் பார்த்தாள். என்னை அடிக்கவில்லை. அழவும் இல்லை. "மெஷினுக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அண்ணனே அக்காவிடம் சொல்லிவிட்டான். நேர்காணலில் கேட்பார்கள், இனிமேல் மறைக்க முடியாது என்று ஆன பிறகு சொல்கிறான். "அது ஒரு சின்ன விஷயம். மனசு ஒத்துப் போகல, பிரிஞ்சுட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கிட்டச் சொல்லிட்டாருன்னு உள்ள சொல்லணும். புரியுதா?"

தினமும் சாயங்காலம் பயிற்சி நடக்கிறது. கேள்விகளை நான்தான் கடையில் தட்டச்சு செய்து கொடுத்தேன். எல்லா வாடிக்கையாளருக்கும் கொடுப்பதுதான். அண்ணன் நாற்காலியில் அதிகாரி மாதிரி உட்காருவான். மடியில் டியூப் வார்.

"கணவர் எந்தக் கம்பெனியில வேலை பார்க்கறாரு?"

அக்கா சொல்வாள்.

"வருஷ வருமானம்?"

சொல்வாள்.

"முதல் மனைவி பேரு?"

அக்கா பேச மாட்டாள். ஒரு அடி.

"ஏன் பிரிஞ்சாங்க?"

ஒரு அடி.

முதுகிலும் தொடையிலும்தான். முகத்தில் அடிப்பதில்லை. "பதினொண்ணாந் தேதி வரைக்கும் உன் முகம் கவர்மெண்டு சொத்து. நான் தொட மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். அம்மா! சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 3, வியாழன்

எனக்குள் ஏதோ கெட்டுவிட்டது. தாள் வெட்டும் மெஷினில் கட்டு வைத்து அழுத்தும்போதெல்லாம் அண்ணனின் விரல்களை வைத்துப் பார்க்கிறேன். லாரி டயருக்குக் காற்று அடிக்கும்போது அளவு மீறினால் ரிம் வளையம் தெறித்து ஆளையே அடித்துவிடும் என்று அப்பா சொல்வார், கிட்டப் போகாதே என்பார். கிட்டப் போய் அண்ணனை நிற்க வைக்கிறேன், மனசுக்குள். வளையம் தெறிக்கிறது. மறுபடி நிற்க வைக்கிறேன்.

வாயில்லாத பெண், பாவம், என்று தெருவில் சொல்வார்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்தால் பக்கத்தில் வர மாட்டார்கள்.

ஏப்ரல் 7, திங்கள்

நேற்றுப் பயிற்சியில் அக்கா எழுந்து நின்றாள். "நான் போகல. உன் மெஷினை நீயே போய்க் கல்யாணம் பண்ணிக்க" என்றாள்.

அவ்வளவுதான். கவர்மெண்டு சொத்தெல்லாம் மறந்து போயிற்று. தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு கடைப்பக்கம் இழுத்தான். டயர் அடுக்கு சரிந்தது. முகத்தில் குத்தினான். வாரால் இல்லை, முஷ்டியால். ஒருதரம், இரண்டு, அக்காவின் கண்ணுக்குக் கீழே எதுவோ நெரிபட்ட சத்தம், அவள் கத்தவில்லை, அதுதான், அவள் கத்தவே இல்லை, அம்மா தெருப் பக்கத்து ஷட்டரை இறக்குகிறாள், கடகடவென்று, அந்தச் சத்தத்துக்குள் அவன் மறுபடி கையை ஓங்குகிறான்—

டயர் நெம்பும் கம்பி கையில் இருந்தது. எப்போது எடுத்தேன்? முழங்கைக்குக் கீழே அடித்தேன். அப்பா விறகு உடைக்கிற மாதிரி, இரண்டு கையாலும். எலும்பு உடைகிற சத்தம் பெரிசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. சின்னச் சத்தம். பென்சில் மாதிரி.

அவன் உட்கார்ந்துவிட்டான். கையைப் பார்த்தான். கை இருக்க வேண்டிய பக்கம் இல்லை. என்னைப் பார்த்தான். ஆச்சரியமாகத்தான் பார்த்தான். மறுபடி ஓங்கினேன். அக்காதான் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "போதும் குட்டி. போதும்டி. குடு."

எனக்குப் போதவில்லை. உண்மையைத்தானே எழுத வேண்டும். எனக்குப் போதவே இல்லை.

"நான் பெத்த பிள்ளை கையை ஒடிச்சுட்டியேடி பாவி!" என்று அம்மா என் முதுகில் அடித்தாள். அந்த அடி வலிக்கவே இல்லை.

மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். எப்படி என்று டாக்டர் கேட்டதற்கு, டயர் வெடித்துவிட்டது என்றானாம். தங்கச்சி அடித்தாள் என்று சொல்ல வெட்கம். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான். "பதினொண்ணாந் தேதி முடியட்டும். அன்னிக்குச் சாயங்காலம் உன் ரெண்டு கையும் எனக்கு. எழுதுற கையி, அடுக்குற கையி. ரெண்டும்."

அவன் சொன்னால் செய்வான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அக்காவின் இடது கண் மூடிவிட்டது. போகிறேன் என்று அண்ணனின் காலில் விழுந்து சொல்லிவிட்டாளாம். எனக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

தப்பு. தப்பாக நினைத்துவிட்டேன்.

அக்கா கண்ணுக்கு மருந்து வாங்கப் போகிற வழியில் கடைக்கு வந்தாள். நகல் எடுக்கிற மாதிரி நின்றுகொண்டு சொன்னாள்.

"குட்டி, நம்ம பேப்பர் எல்லாம் எங்க இருக்கு?"

"அண்ணன் பெட்டியில."

பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், அவளுடைய கல்விச் சான்றிதழ், எல்லாம் இரும்புப் பெட்டியில். சாவி அவன் கழுத்தில். அதனால்தான் நாங்கள் எங்கேயும் போக முடிந்ததில்லை. ஒரு வருடம் முன்பு அக்கா ஓடிப்போனாள். காகிதம் இல்லாததால் விடுதியிலும் சேர்க்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை, இரண்டாம் நாள் பேருந்து நிலையத்தில் வைத்துப் பிடித்து வந்தான்.

"அதெல்லாம் அந்தப் பெட்டியை விட்டு வெளிய வர்ற ஒரே நாள் எது?"

நேர்காணலில் அசல் காட்ட வேண்டும். நகல் செல்லாது.

"பதினொண்ணு" என்றேன்.

"உன்னோடதும் வர வைக்க முடியுமா?"

கடையில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற பட்டியல் ஒன்று உண்டு. கொண்டுவர வேண்டிய அசல் ஆவணங்கள், கடைப் பெயர் மேலே அச்சடித்தது. அதில் ஏழு வரிதான். எட்டாவதாக ஒரு வரி சேர்த்துத் தட்டச்சு செய்தேன். 'விண்ணப்பதாரரின் உடன்பிறந்த சகோதரியின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், அடையாள அட்டை (அசல்)'. எழுத்து அளவு, இடைவெளி எல்லாம் மற்ற ஏழு வரி மாதிரியே. அச்சு எடுத்து, மதியம் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் கொடுத்தேன்.

கட்டுப் போடாத கையால் வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். எட்டாவது வரியில் விரல் நின்றது. "ஊமையோட சர்டிபிகேட் எதுக்குடா அவனுங்களுக்கு?" என்று முனகினான். பெட்டியைத் திறந்தான்.

அச்சடித்துக் கொடுத்தால் இந்த வீட்டில் எதையும் நம்புவார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

நாளைக்குக் கோப்பு தயார். கடைக்காரம்மாவிடம் நாளைக்கு விடுப்பு கேட்டேன். என்னைப் பார்த்தார், காதைப் பார்த்தார். ஒரு தாளில் முகவரி எழுதிக் கொடுத்தார். "நான் கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த விடுதி. வார்டன்கிட்ட என் பேரைச் சொல்லு. அங்க ஒரு டாக்டரம்மா வரும், அந்தக் காதைக் காட்டு." அப்புறம் மெஷினைத் துடைத்தபடி, "இவ்வளவு அழகா அடுக்குறவ எனக்கு இனிக் கிடைக்க மாட்டா" என்றார். அவர் அழுதாரா என்று பார்க்கத் தைரியம் இல்லை. இந்தத் தாள்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

விடுதி. மூன்றாம் மாடி. இரண்டு கட்டில்.

நேற்று எட்டு மணிக்கே விசா அலுவலகத்தின் முன்வாசலில் நின்றோம். அக்காவின் முகத்தில் அம்மா பவுடரை அப்பி அனுப்பியிருந்தாள். வியர்வையில் அது வழிந்து, கண்ணைச் சுற்றி ஊதா தெரிந்தது. விண்ணப்பதாரர் மட்டும்தான் உள்ளே போகலாம். அக்கா கோப்பை அணைத்துக்கொண்டு போனாள். அண்ணன் முன்வாசலுக்கு எதிரே கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கோப்பில் ஏதாவது குறைந்தால் வேண்டும் என்று கூட்டி வந்த என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

முன்வாசலால் உள்ளே போகிறவர்கள் முன்வாசலால் வெளியே வர மாட்டார்கள். பின்பக்கத் தெருவில் தனி வாசல். எங்கள் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள், வெயிலில் தப்பான பக்கம் நின்று ஏமாந்த கதையை. அண்ணன் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "என்ன?" என்றான். கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினேன். "சீக்கிரம் வா. எங்க போயிடப் போற" என்றான்.

அந்தக் கட்டடத்தைச் சுற்றி ஓடினேன். காலில் செருப்பு இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

பதினோரு மணிக்கு அக்கா வந்தாள். உள்ளே ஒரு அம்மா இருந்ததாம். முதல் கேள்வியே அதுதானாம், கணவருக்கு முன்பே திருமணம் ஆனது தெரியுமா என்று. "தெரியும். அவங்க தாடையை உடைச்சதும் தெரியும். நான் போக விரும்பல" என்று சொன்னாளாம். அந்த அம்மா கோப்பை மூடிவிட்டு, அக்காவின் கண்ணைப் பார்த்து, இதுவும் அவரா என்று கேட்டாளாம். "இல்லை, இது எங்க அண்ணன்" என்றாளாம் அக்கா. பிறகு தண்ணீர் கொடுத்தார்களாம். விண்ணப்பத்தை விலக்கிக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொண்டு, அசல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணித் திருப்பிக் கொடுத்தார்களாம்.

பேருந்தில் கோப்பை என் மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தான் என்று தெரியாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

அக்காவுக்குத் தையல் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. எனக்கு விடுதி அலுவலகத்தில், பதிவேடு எழுத. டாக்டரம்மா காதைப் பார்த்தார். ஜவ்வு கிழிந்திருக்கிறது, பாதி கேட்கும், அவ்வளவுதான் என்றார்.

யாராவது வேகமாகக் கையைத் தூக்கினால் இன்னும் குனிந்துவிடுகிறேன். இன்று வார்டன் மின்விசிறி சுவிட்சுக்குத்தான் கையைத் தூக்கினார்.

மே 12, திங்கள்

அலுவலகப் போனில் அம்மா. போன வாரம் அக்கா ஒருதரம் பேசியபோது எண்ணைக் குறித்து வைத்திருக்கிறாள்.

"நல்லா இருக்கீங்களா? அண்ணனுக்குக் கட்டுப் பிரிச்சாச்சு. கை சரியாயிடுச்சு" என்றாள். நல்ல செய்தி மாதிரித்தான் சொன்னாள். பிறகு வெறும் மூச்சு. பிறகு, "நேத்து எனக்கு ரெண்டு பல்லு போயிடுச்சுடி. உங்க பங்கும் எனக்கே விழுது. வந்துடுங்களேன். ஒருத்தியாவது வந்துடுங்களேன்."

போனை நல்ல காதுக்கு மாற்றினேன். "குட்டியா? நீதானா? ஒரு வார்த்தை பேசுடி" என்றாள். பின்னால் காற்று அடிக்கிற மெஷின் ஓடுவது கேட்டது. வைத்துவிட்டாள்.

அக்காவிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தவில்லை. "நம்மள அடிக்கும்போது கதவைச் சாத்தினது யாரு?"

"அம்மா."

"அப்புறம் என்ன? இப்ப யாராவது சாத்துவாங்க."

சொல்லிவிட்டு ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். ரத்தத்தை வாயில் வைத்து உறிஞ்சினாள்.

அம்மாவை எனக்குப் பிடிக்குமா? தெரியாது. அவள் வாயில் ரத்தம் என்று நினைக்கும்போது கை மறுபடியும் கம்பியைத் தேடுகிறது. அது மட்டும் தெரியும்.

மே 13, செவ்வாய்

பெண்கள் காவல் நிலையம் விடுதியிலிருந்து நான்கு தெரு. ஒன்பது மணிக்குப் போனேன், தனியாக. பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெண் காவலர் மூன்று தரம் என்ன விஷயம் என்று கேட்டார். மூன்று தரமும் வாயைத் திறந்து மூடினேன். கடைசியில், "எழுதத் தெரியுமா?" என்றார்.

தாள் கொடுத்தார். எழுதினேன். வீட்டு முகவரி, டயர் கடை, அம்மாவின் பல், அக்காவின் கண், என் காது. வாரின் அகலம். கதவு, ஷட்டர். மூன்று பக்கம் வந்தது. அண்ணனின் கையை உடைத்தது டயர் இல்லை, நான்தான் என்பதையும் தேதியோடு எழுதினேன்.

அவர் நின்றுகொண்டே படித்தார். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் கடைசி விஷயம் வேணாமே பாப்பா. இதால உம்மேலயே கேஸ் வரும். வேற தாள் தர்றேன், அதை விட்டுட்டு எழுது. யோசிச்சுக்க."

அவர் கையிலிருந்த மூன்று பக்கத்தையும் வாங்கினேன். அடியில் கையெழுத்துப் போட்டு, அதையே திருப்பிக் கொடுத்தேன்.